உரிப்பதா, வாட்டுவதா?

ஆட்டை உரிக்கிறோம். அதே ஆட்டின் தலையையும் காலையும் உரிப்பதில்லை. தீயில் வாட்டிச் சுரண்டுகிறோம். முயலை உரிப்பார்கள். காட்டுப்பன்றியை முழுசாக வாட்டி, மயிர் வழித்து, தோலோடு துண்டுபோடுவார்கள். கோழிக்கு வெந்நீர். காடைக்கு வெந்நீரும் உண்டு, இறகோடு சேர்த்து உரித்துப்போடுவதும் உண்டு. கிள்ளான், காப்பார், கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த பெரியவர்களிடம் காரணம் கேட்டால், "அதது அப்படித்தான்" என்று முடித்துவிடுவார்கள். அதது ஏன் அப்படி என்று தோண்டினால் உடற்கூறியல் வருகிறது, கொஞ்சம் வேதியியல் வருகிறது, 1999-இல் இந்த நாட்டையே உலுக்கிய ஒரு காய்ச்சலும் வருகிறது.

முதலில் தோல். தோலுக்கும் தசைக்கும் நடுவே கொழகொழவென்று ஓர் இழைப்படலம் இருக்கிறது. அது எவ்வளவு தளர்வாக இருக்கிறது என்பதில்தான் எல்லாம். முயல், எலி, அணில் போன்றவற்றில் இது மிகத் தளர்வு. முயலின் முதுகுத் தோலைப் பிடித்துத் தூக்கினால் கைநிறைய வரும். தோலோடு ஒட்டிய மெல்லிய தசைத்தாள் ஒன்றும் இந்த விலங்குகளுக்கு நன்றாக வளர்ந்திருக்கிறது. மாட்டின் மேல் ஈ உட்கார்ந்தால், வாலை வீசாமலேயே அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து விரட்டுகிறதே, அது இந்தத் தசையின் வேலை. மனிதர்களுக்கு இதில் முக்கியமாக மிச்சமிருப்பது கழுத்தில் ஒரு துண்டு. கண்ணாடி முன் நின்று பல்லைக் கடித்துக் கீழுதட்டை இருபுறமும் இழுத்தால், கழுத்தில் வரிவரியாக எழும்புவது அதுதான்.

பன்றி நம் கட்சி. அதன் தோல் அடியிலிருக்கும் கொழுப்போடு இறுக ஒட்டிக்கிடக்கிறது, இழுத்தால் வராது. தீக்காயத்துக்கும் புண் ஆறுவதற்கும் மருந்து தேடும் ஆய்வாளர்கள் எலியைவிடப் பன்றித் தோலை நம்புவது இதனால்தான். பன்றியை உரிக்க முனைந்தால் கத்தியால் அங்குலம் அங்குலமாகக் கொழுப்பிலிருந்து பிரிக்க வேண்டும்; பாதிக் கொழுப்பு தோலோடு போய்விடும். ஆட்டின் உடம்புத் தோல் தளர்வு, கசாப்புக் கடைக்காரர் முட்டியை மடக்கி உள்ளே தள்ளியே பிரித்துவிடுவார். கணுக்காலிலும் முகத்திலும் தோல் எலும்பை ஒட்டியிருக்கிறது. ஆகவே அங்கே மட்டும் தீ. தோட்டத்து வழக்கம் உடற்கூறியலை வரி பிசகாமல் பின்பற்றியிருக்கிறது.

தீ என்ன செய்கிறது? மயிர் கெரட்டின் என்ற புரதம். அதில் கந்தகம் அதிகம். பொசுங்கும்போது வரும் அந்த மூக்கைத் துளைக்கும் நாற்றம் கந்தகத்தினுடையது. தோலின் மேல்தாள் கருகிச் சுரண்ட வாகாகிறது. அடியில் இருக்கும் கொலாஜன் இழைகள் ஏறக்குறைய 60 முதல் 65 டிகிரி செல்சியஸில் சட்டென்று சுருங்கும். வாட்டிய பன்றித் தோல் விறைத்து மினுமினுப்பதும், வாட்டிய கோழி 'நிமிர்ந்து' நிற்பதும் அந்தச் சுருக்கம். தோலில் ஒட்டிய உண்ணியும் மண்ணும் மேல்பரப்புக் கிருமிகளும் அதே தீயில் போகின்றன. பழைய நாளில் காய்ந்த தென்னோலை, கித்தா எனும் ரப்பர் மரக் கட்டை. இப்போது கேஸ் டார்ச். டார்ச்சில் ஒரு சங்கடம்: ஒரே இடத்தில் காட்டினால் மேல்தோல் வெடித்துக் கொழுப்பு ஒழுகும், பக்கத்தில் மயிர் அப்படியே நிற்கும். ஓலைத் தீயின் பரவலான சூடு அதற்கு வராது.

இறகு விஷயத்தில் கணக்கு வேறு. இறகின் அடிக்குழாயைப் பற்றியிருக்கும் திசு இளகினால் போதும், தோல் வேகக்கூடாது. கோழிக்கு 60 டிகிரியை ஒட்டிய நீர் ஒரு நிமிடம் அளவில் போதுமானது. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் தோல் வெந்து, இறகோடு கிழிந்து வரும். காடையின் தோல் இன்னும் மெலிசு, பிசகு பொறுக்காது. பாசாரில் அவசரத்தில் இருப்பவர் காடையின் மார்பில் விரலை நுழைத்துத் தோலையும் இறகையும் ஒரே இழுப்பில் கழற்றிவிடுகிறார் என்றால் அது சோம்பல் இல்லை, தெரிந்து செய்வது.

இந்தக் கலை கிள்ளான் பள்ளத்தாக்கில் வேர்விட்டது எப்படி என்பதையும் சொல்ல வேண்டும். தோட்டம் என்பது காட்டின் ஓரம். லயத்து வீடுகளுக்குப் பின்னால் கித்தா, அதற்குப் பின்னால் காடு. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் கோலசிலாங்கூரின் தென்னமாரத்தில் வந்தது. பிறகு கித்தா போய்ச் செம்பனை எங்கும் பரவியது. செம்பனைப் பழம் ஆண்டு முழுவதும் உதிரும், பன்றி ஆண்டு முழுவதும் தின்னும். நெகிரி செம்பிலானின் பாசோ காட்டில் கேலன் இக்ஸ் என்ற ஆய்வாளர் 1996-இல் கணக்கெடுத்தபோது சதுர கிலோமீட்டருக்கு 47 காட்டுப்பன்றி என்று வந்தது. சுற்றியிருந்த செம்பனைத் தோட்டங்கள் அவற்றுக்குச் சோறுபோட்டதைக் காரணமாகச் சொன்னார். சம்பளம் குறைவு, இறைச்சி விலை கூடுதல், பன்றியோ வாசலுக்கே வருகிறது. நாய்களோடு போய் அடித்து வந்து பங்கு போடுவது ஞாயிற்றுக்கிழமை வழக்கமானதில் வியப்பில்லை. சருகுமான், முள்ளம்பன்றி, உடும்பு, பழந்தின்னி வௌவால் எல்லாம் அப்படித்தான் சட்டிக்கு வந்தன.

இன்று இதைக் கற்றுக்கொள்ள நினைப்பவருக்குக் காடு வேண்டாம். பண்ணை முயல் கிடைக்கிறது. காஜாங் சாத்தே கடைகளில் முயல் சாத்தே வழக்கமான பண்டம். முயலில் கை பழகினால் மற்றதெல்லாம் அதன் விரிவுரை.

பின்னங்கால் இரண்டையும் கட்டித் தொங்கவிட்டுக் கணுக்காலைச் சுற்றித் தோலை மட்டும் வெட்ட வேண்டும். அங்கிருந்து உள்தொடை வழியாக வாலடி வரை ஒரு கோடு. கத்தி முனையைத் தோலுக்கு அடியில் நுழைத்து, கூர் வெளியே பார்க்கும்படி உள்ளிருந்து கீறுவது முக்கியம். வெளியிலிருந்து கீறினால் ஒவ்வொரு கீறலிலும் முடி நறுங்கி ஈரக் கறியில் ஒட்டும். பிறகு எத்தனை தண்ணீர் ஊற்றினாலும் போகாது. கோடு போட்டபின் கத்தியைக் கீழே வைத்துவிடலாம். பனியனைத் தலைவழியாகக் கழற்றுவதுபோல, இரண்டு கையாலும் தோலைக் கீழ்நோக்கி இழுத்தால் முன்னங்கால் வரை தடையில்லாமல் வரும். வரும்போது தோலுக்கும் சதைக்கும் நடுவே வெள்ளையாக நூல்நூலாக அறுவது தெரியும். அதுதான் மேலே சொன்ன இழைப்படலம். எங்கே அது பிடிக்கிறதோ அங்கே இழுக்காமல் விரல்முட்டியை உள்ளே கொடுத்துத் தள்ளினால் கறி கிழியாது.

முடி தொட்ட கை கறி தொடக்கூடாது. தோட்டத்துப் பெண்கள் ஒருவர் உரிக்க இன்னொருவர் வெட்டுவதாகப் பிரித்துக்கொண்டதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம், ஆனால் நுண்ணுயிரியல் அதை ஆமோதிக்கிறது. நோயில்லாத விலங்கின் தசைக்குள் கிருமி அநேகமாக இருப்பதில்லை. சமையலறைக்கு வந்த கறியில் இருப்பதில் பெரும்பகுதி, தோலிலிருந்தும் குடலிலிருந்தும் நம் கையும் கத்தியும் கொண்டுவந்து சேர்த்தது.

குடல் அடுத்த கண்டம். முயலுக்குப் புல்லை நொதிக்கவைக்கும் பை ஒன்று வயிற்றறையில் பெரும் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். அதன் சுவர் மிக மெலிசு. வயிற்றைக் கிழிக்கும்போது இரண்டு விரலை உள்ளே விட்டுத் தோலையும் தசையையும் தூக்கிப் பிடித்து, விரல்களுக்கு நடுவே கத்தி போக வேண்டும். பை கிழிந்தால் கோடிக்கணக்கான பாக்டீரியா கறிமேல். மூத்திரப்பையை அடியில் கிள்ளிப் பிடித்தபடியே அறுத்தெடுக்க வேண்டும்.

ஈரலோடு ஒட்டிய பச்சைப் பையை எல்லோருக்கும் தெரியும். பித்தம் உடைந்தால் ஏன் கழுவியும் கசப்புப் போவதில்லை? பித்த உப்புகள் சோப்பைப் போன்ற மூலக்கூறு அமைப்பு உடையவை. ஒரு முனை நீரைப் பற்றும், மறுமுனை கொழுப்பைப் பற்றும். கொழுப்பைக் கரைக்கத்தான் உடல் அவற்றைச் செய்கிறது. ஆகவே கறியின் கொழுப்பில் ஏறி உட்கார்ந்துகொள்கின்றன. பித்தம் பட்ட இடத்தை வெட்டி எறிவதே வழி. எல்லா விலங்குக்கும் இந்தப் பை உண்டென்று எண்ண வேண்டாம். புறாவுக்குக் கிடையாது, எலிக்குக் கிடையாது, மான் குடும்பத்துக்கும் கிடையாது. கோழிக்கும் முயலுக்கும் பன்றிக்கும் உண்டு.

முயல் ஈரலில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி தெரிந்தால் பெரியவர்கள் எறிந்துவிடுவார்கள். அநேகமாக அது முயலின் பித்தநாளத்தைப் பிடிக்கும் ஐமீரியா என்ற ஒட்டுண்ணி, மனிதருக்குத் தொற்றாது. ஆனால் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் துலரீமியா என்ற கொடிய நோயுள்ள காட்டு முயலின் ஈரலும் இப்படியே புள்ளிபோடும். கண்ணால் பிரித்தறிய முடியாதபோது எறிவதே புத்தி. பெரியவர்கள் செய்தது சரி.

வேட்டைக்கறியின் ருசியைப் பற்றியும் இரண்டு வார்த்தை. தசையில் சேமித்திருக்கும் கிளைகோஜன், உயிர் போனபின் லாக்டிக் அமிலமாகி, கறியின் pH அளவை ஏறக்குறைய 7-இலிருந்து 5.6-க்கு இறக்குகிறது. அந்தப் புளிப்புதான் கிருமிகளைக் கொஞ்சம் தள்ளிவைக்கிறது. நாய் துரத்தி ஓடிக் களைத்த பன்றிக்குக் கிளைகோஜன் முன்பே தீர்ந்திருக்கும். அமிலம் உருவாகாது; கறி கருத்து, ஒட்டும் பதத்தில், சீக்கிரம் கெடும். துரத்தி அடித்த கறியை அன்றைக்கே சமைக்க வேண்டும் என்ற பழக்கத்துக்கு இது போதுமான நியாயம். காற்றில் தொங்கவிட்டால் கறி ஆறும் என்பது ஐரோப்பிய வேட்டை நூல்களுக்குச் சரி. பகலில் 32 டிகிரி அடிக்கும் இந்த ஊரில் குடலை எடுத்த கையோடு ஐஸ் வேண்டும்.

வீச்சம் வேறு கதை. முதிர்ந்த ஆண் பன்றியின் கொழுப்பில் ஆண்ட்ரோஸ்டெனோன் என்ற பொருள் சேர்ந்திருக்கும். விரையில் உருவாகிக் கொழுப்பில் படிவது. அடித்த உடனே விரையை அறுத்தால் வீச்சம் போகும் என்பது வேட்டைக்காரர் நம்பிக்கை. போகாது, ஏற்கெனவே படிந்தது படிந்ததுதான். வேடிக்கை என்னவென்றால், சிலருடைய மூக்கு இந்தப் பொருளை உணர்வதே இல்லை. மூக்கிலுள்ள ஓர் ஏற்பியின் மரபணு ஆளுக்கு ஆள் மாறுவது காரணம் என்று 2007-இல் தெரிந்தது. ஒரே சட்டிக் கறியை ஒருவர் ரசித்துத் தின்ன, பக்கத்தில் இருப்பவர் மூக்கைப் பொத்துவது வீம்பு அல்ல.

மஞ்சளும் உப்பும் எலுமிச்சையும் போட்டுப் பிசறிக் கழுவுவது நம்மவர் சடங்கு. கவிச்சி குறையும், உண்மை. கிருமி சாகும் என்பது மிகை. குழாயடியில் கறியை அலசும்போது தெறிக்கும் துளிகள் பக்கத்து வெங்காயத்தின் மேலும் கொத்தமல்லியின் மேலும் போய் விழுகின்றன. கிருமியைக் கொல்வது கொதி. வேட்டைக்கறியின் உள்பகுதி 71 டிகிரியைத் தொட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. பன்றித் தசையில் ஒளிந்திருக்கக்கூடிய டிரைக்கினெல்லா புழு அதைத் தாங்காது. ஒரு மணிநேரம் கொதிக்கும் நம் பிரட்டல் இதில் தேறிவிடும். உப்புக்கண்டம் தேறாது. உப்பும் வெயிலும் அந்தப் புழுவை நிச்சயமாகக் கொல்லும் என்று நம்ப முடியாது.

இதுவரை சொன்னதெல்லாம் தின்பவரைப் பற்றிய கவலை. நம் சமையல் அறிவு முழுவதும் சட்டியை நோக்கியே இருக்கிறது. கத்தி பிடித்தவரை நினைப்பவர் குறைவு. ஆனால் இந்த மண்ணின் மருத்துவ வரலாறு காட்டுவது, ஆபத்து முதலில் அவரைத்தான் தேடிப்போகிறது என்பதை.

கோலாலம்பூரின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1900-இல் தொடங்கப்பட்டது. 1913-இல் அங்கு வளர்த்த முயல்களும் கினிப் பன்றிகளும் கொத்தாகச் செத்தன. அதற்குச் சற்று முன் ரங்கூனில் ஆல்ஃபிரட் விட்மோரும் அவரோடு பணியாற்றிய சி. எஸ். கிருஷ்ணசுவாமியும் மனிதச் சடலங்களில் கண்டெழுதிய புதுக் கிருமியே இதற்கும் காரணம் என்று தெரிந்தது. ஸ்டான்டன், ஃபிளெட்சர் என்ற இரு கோலாலம்பூர் ஆய்வாளர்கள் 1921-இல் நோய்க்கு மெலியாய்டோசிஸ் என்று பெயரிட்டார்கள். அந்தக் கிருமி இங்குள்ள ஈரமண்ணில் குடியிருக்கிறது. சேறு அப்பிய பன்றியைச் சுரண்டும் கையில் ஒரு கீறல் இருந்தால் போதும். நீரிழிவுக்காரர்களை அது விரும்பித் தாக்கும். நம் சமூகத்தில் சர்க்கரை எத்தனை வீட்டில் இருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. எலி மூத்திரத்தால் வரும் லெப்டோஸ்பைரோசிஸும் இதே கீறல் வழியாகவே நுழைகிறது.

1998 செப்டம்பர் இறுதியில் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைக்காரர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவுகட்டி, கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். அந்த நோய் பெரும்பாலும் பிள்ளைகளைப் பிடிப்பது. இங்கே விழுந்தவர்களோ அநேகமாகப் பன்றியைத் தொட்டு வேலைபார்த்த வளர்ந்த ஆண்கள், தடுப்பூசி போட்டவர்களும் அதில் உண்டு. காய்ச்சல் நெகிரி செம்பிலானின் சுங்கை நிப்பா, புக்கிட் பெலாண்டோக் வரை இறங்கியது. 1999 மார்ச்சில், மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் சுவா காவ் பிங் என்ற ஆய்வாளர் இது வேறொரு வைரஸ் என்று கண்டு, மாதிரியை எடுத்துக்கொண்டு அமெரிக்காவுக்கு விமானம் ஏறினார். வைரஸுக்கு நிப்பா என்ற பெயர் சுங்கை நிப்பா என்ற அந்தச் சிற்றூரிலிருந்து வந்தது. மலேசியாவில் 265 பேருக்கு நோய், 105 பேர் சாவு. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொல்ல ராணுவம் இறங்கியது. சிங்கப்பூரில் 11 பேர் விழுந்தார்கள், ஒருவர் இறந்தார். அத்தனை பேரும் மலேசியப் பன்றிகளை அறுத்த கூடங்களின் தொழிலாளர்கள். சமைத்த கறியைத் தின்று நோய் வந்தவர் என்று யாரும் இல்லை.

வைரஸின் சொந்த வீடு பழந்தின்னி வௌவால். தியோமான் தீவில் வௌவால் மூத்திரத்திலிருந்தும் அது கடித்துப்போட்ட பழத்திலிருந்தும் சுவா குழுவினர் பின்னர் வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். இழுப்பு நோய்க்கு வௌவால் கறி நல்லது என்ற நம்பிக்கை நம்மவரிடமும் சீனரிடமும் இன்னும் இருக்கிறது. இழுப்பு தீர்ந்ததற்குச் சான்று கிடையாது. கொதிக்கும் குழம்பில் வைரஸ் செத்துவிடும் என்பது மெய். ஆனால் குழம்புக்கு முன்னால் ஒருவர் அதை உரித்து, மூத்திரப்பையையும் குடலையும் வெறுங்கையால் எடுத்திருப்பார். அதே தியோமானில், ஷீமா அப்துல் அஸிஸ் குழுவினர் டுரியான் பூக்களில் கேமரா வைத்து, பழந்தின்னி வௌவால் டுரியானுக்கு மகரந்தம் சேர்ப்பதை 2017-இல் வெளியிட்டார்கள். கறியைவிட டுரியான் மேல் என்று நான் நினைக்கிறேன்.

சட்டமும் தெளிவு. தீபகற்ப மலேசியாவில் 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப்பன்றிக்கே பெர்ஹிலித்தான் என்ற வனவிலங்குத் துறையின் உரிமம் வேண்டும். எறும்புண்ணி முழுப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. 2022-இல் தண்டனைகள் கூட்டப்பட்டன. பன்றிக்கும் நல்ல காலமில்லை: 2021 பிப்ரவரியில் சபாவில் உறுதியான ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் அதே ஆண்டு முடிவதற்குள் தீபகற்பத்துக்கும் வந்துவிட்டது. மனிதருக்குத் தொற்றாது, ஆனால் கறியிலும் எலும்பிலும் நெடுநாள் உயிரோடிருந்து அடுத்த பன்றிக்குப் போகும். கழிவைக் காட்டோரம் வீசுவது இனி குற்றத்துக்குச் சமம்; ஆழக் குழிதோண்டிப் புதைக்க வேண்டும்.

கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் பாசாரில் பண்ணை முயலோ காடையோ வாங்குங்கள். கத்தியைத் தீட்டுவதற்கு முன் கையைப் பாருங்கள். கீறல் இருந்தால் அன்றைக்கு வேலையை அடுத்தவரிடம் விடுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் கையுறை இல்லாமல் தொடவே வேண்டாம். அந்தக் கையுறை மருந்துக்கடையில் சில வெள்ளிக்குப் பெட்டியாகவே கிடைக்கிறது.